தலைவர் பெயரில் ஊர், அவர் மக்களுக்கு இடமில்லை

அவையோருக்கு வணக்கம்.

வருகிற திங்கட்கிழமை, அக்டோபரின் இரண்டாவது திங்கள். அமெரிக்காவின் பல ஊர்களில் அது இன்னமும் கொலம்பஸ் நாள். நாம் வாழும் சியாட்டிலில் 2014 முதல் பழங்குடி மக்கள் நாள். அந்த ஆண்டு அக்டோபர் 6 அன்று நகர மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஒரு வாரத்தில் மேயர் எட் மர்ரே கையெழுத்திட்டார். கொலம்பஸைத் தங்கள் ஆளாகக் கருதும் இத்தாலிய வம்சாவளியினர் சிலருக்கு மனவருத்தம். அது தனிக் கதை, விடுங்கள்.

தீர்மானம் நல்லதுதான், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் பழங்குடிகளுக்குப் பெயரளவில் மரியாதை செய்வது இந்த ஊருக்குப் பிறவிப் பழக்கம். அந்த மரியாதை அவர்களை விரட்டுவதற்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

1851 நவம்பரில் வெள்ளைக் குடியேறிகளான டென்னி குழுவினர் ஆல்கைக் கரையில் வந்து இறங்கினார்கள். டுவாமிஷ், சுக்வாமிஷ் மக்களின் தலைவர் சியாட்டில் அவர்களோடு நட்பாக இருந்தார். அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 1855 ஜனவரியில் முக்கில்டியோவில் அமெரிக்க அரசோடு பாயின்ட் எலியட் உடன்படிக்கை. நிலத்தைக் கொடுத்த தலைவர்களில் முதல் கைநாட்டு அவருடையது. அப்புறம் என்ன நடந்தது? 1865 ஜனவரியில் ஊருக்கு நிர்வாக சபை அமைந்தது. அடுத்த மாதமே அது போட்ட ஐந்தாவது சட்டம்: எந்தப் பழங்குடியும் ஊருக்குள் தெருவிலோ சந்திலோ காலி மனையிலோ குடியிருக்கக் கூடாது. வெள்ளைக்காரரிடம் வேலை செய்பவர் மட்டும் முதலாளியின் இடத்தில் தங்கிக்கொள்ளலாம். வேலைக்கு ஆள் வேண்டும், அண்டைவீட்டில் ஆள் வேண்டாம். ஊரும் சேரியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தலைவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். மறு ஆண்டு ஜூனில்தான் இறந்தார். அதே 1866இல் டுவாமிஷ் மக்களுக்கு அவர்கள் ஆற்றங்கரையில் ஒதுக்கிடம் (ரிசர்வேஷன், அவர்களுக்கென ஒதுக்கும் நிலம்) தரக் கூடாது என்று ஊர்ப் பெரியமனிதர்கள் கூடி மனு கொடுத்தார்கள். ஒதுக்கிடம் வரவில்லை.

அவருடைய மகள் கிகிசோப்லு ஊரை விட்டுப் போக மறுத்தவர். வெள்ளைக்காரர்கள் அவருக்கு இளவரசி ஏஞ்சலின் என்று பட்டம் கட்டினார்கள். இளவரசி என்ன செய்தார்? இன்றைய பைக் பிளேஸ் சந்தைக்குக் கீழே, கடலோரத்தில் ஒரு பலகைக் குடிசையில் இருந்துகொண்டு ஊரார் துணிகளைத் துவைத்தார், கூடை முடைந்து விற்றார். எட்வர்ட் கர்ட்டிஸ் அவரைப் படம் பிடித்தார். தலைத்துணியும் கைத்தடியும் சுருக்கம் விழுந்த முகமுமாக அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1896இல் அவர் இறந்தபோது ஊரே திரண்டது, தோணி வடிவில் சவப்பெட்டி செய்து அடக்கம் செய்தது. இருக்க இடம் தர மனமில்லாத ஊர் இறந்த பிறகு இவ்வளவு செய்தது.

இடையில் ஒன்று. தலைவர் சியாட்டில் சொன்னதாக நம் ஊர்ப் பள்ளிச் சுவர்களிலும் வாட்ஸப்பிலும் சுற்றுகிற 'பூமி நமக்குச் சொந்தமில்லை' வகை வரிகள் அவருடையவை அல்ல. 1970களின் தொடக்கத்தில் ஒரு திரைப்படத்துக்காக எழுதப்பட்டவை. இதற்குப் பிறகாவது அதை எனக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

உருப்படியாகக் கிடைத்தவை எல்லாம் போராடிக் கிடைத்தவை. 1970 மார்ச்சில் ஃபோர்ட் லாட்டன் ராணுவ நிலத்தில் பெர்னி வைட்பேர் முதலான பழங்குடிப் போராளிகள் வேலி ஏறிக் குதித்தார்கள். அதனால்தான் அந்த நிலத்தில் வந்த டிஸ்கவரி பூங்காவுக்குள் 1977இல் டேபிரேக் ஸ்டார் என்ற பழங்குடிப் பண்பாட்டு மையம் எழுந்தது. மீன்பிடி உரிமைக்காகப் பல ஆண்டுகள் கைதானார்கள், அடி வாங்கினார்கள். 1974இல் நீதிபதி போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதிவரை உடன்படிக்கை செய்துகொண்ட பழங்குடிகளுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார்.

ஆனால் டுவாமிஷ் பழங்குடிக்கு இன்றுவரை மத்திய அரசின் அங்கீகாரம் இல்லை. 2001இல் கிளின்டன் அரசு போகிற போக்கில் கொடுத்ததை அடுத்து வந்த அரசு திருப்பி எடுத்துக்கொண்டது; 2015இல் மறுபடியும் மறுப்பு. டுவாமிஷ் வழியினர் பலர் அங்கீகாரம் பெற்ற மக்கல்ஷூட், சுக்வாமிஷ் பழங்குடிகளில் இருக்கிறார்கள், இந்தக் கோரிக்கையில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடும் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் பழங்குடி மக்கள் நாளைக் கொண்டாடுகிற நகரத்தில் வாழ்கிறவர்கள் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

வெஸ்ட் மார்ஜினல் வேயில் டுவாமிஷ் நீள்வீடு, அதாவது அவர்கள் மரபுப்படி கட்டிய பொதுக்கூடம், இருக்கிறது. முன்னோர்களின் கிராமம் இருந்த இடத்துக்கு எதிரே, தங்கள் நிலத்தையே காசு கொடுத்து வாங்கி, 2009இல் திறந்தார்கள். விரும்பியவர்கள் அந்தப் பழங்குடிக்கு மாதாமாதம் வாடகை கட்டும் ஏற்பாடும் இருக்கிறது. கட்டாயம் இல்லை, தொகை உங்கள் விருப்பம். நானும் கட்டுகிறேன், பெரிய தொகை இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஸ்பேஸ் நீடில் கோபுரத்தோடு நிறுத்தாமல் பெயின்பிரிட்ஜ் படகில் ஏற்றி, அகேட் பாஸ் பாலம் தாண்டி சுக்வாமிஷுக்குக் கூட்டிப்போங்கள். தலைவரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது, அவர் பெயர் தாங்கிய ஊருக்கு எதிர்க்கரையில்.