பீட்டா பிளாக்கர் மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க | தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப்ல இருந்து

முதல்ல ஒரு வேலை செய்ங்க. வீட்ல பிரஷர் மாத்திரை, ஹார்ட் மாத்திரை போட்டு வச்சிருக்கிற டப்பாவைக் கொண்டாங்க. அம்மாவோடதோ நைனாவோடதோ, யாரோடதா இருந்தாலும் பரவாயில்ல. ஸ்ட்ரிப்பைத் திருப்புங்க. கம்பெனிக்காரன் வச்ச பேரை விடுங்க, மருந்தோட பேரைப் பாருங்க. கடைசி நாலு எழுத்து ஓ-எல்-ஓ-எல்னு முடியுதா? அட்டினலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், நெபிவோலால், ப்ரோப்ரனலால். கார்வெடிலால், லேபெட்டலால் ரெண்டும் எழுத்துல கொஞ்சம் வேற மாதிரி முடியும், ஆனா அதே குடும்பம்தான். இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் பீட்டா பிளாக்கர்னு பேரு.

நான் பார்மசிஸ்ட், டாக்டர் இல்ல. டோஸை மாத்தறது, புதுசா ஆரம்பிக்கறது பத்தி நான் பேசப் போறதில்ல. கவுன்ட்டர் இந்தப் பக்கம் நின்னு நான் பாக்கறதைச் சொல்றேன்.

அதிகமா காதுல விழறது இதான்: "பிரஷர் நார்மல் ஆயிடுச்சும்மா, நல்லாத்தான் கீறேன், அதான் மாத்திரைய வுட்டுட்டேன்." நல்லா இருக்கறதே மாத்திரையாலதாண்ணே! அத வுட்டா எப்படி? மத்த பிரஷர் மாத்திரைய திடீர்னு விட்டாலும் தப்புதான், ஆனா இந்தக் குடும்பத்துல ஆபத்து வேற ரகம். ஏன்னு சொல்றேன்.

நமக்குக் கோவம் வந்தா, பயந்தா, ஓடுனா அட்ரினலின் சுரக்கும். அது இதயத்துல தனக்குன்னு இருக்கற இடத்துல போய் உக்காந்து 'வேகமா அடி'ன்னு விரட்டும். இந்த மாத்திரை அந்த இடத்தை முன்னாடியே புடிச்சுக்குது. அதனால துடிப்பு குறையுது, பிரஷர் குறையுது, இதயத்துக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் குறையுது. 1960கள்ல ஜேம்ஸ் பிளாக்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், நெஞ்சு வலிக்காரங்களுக்கு இதயத்துக்கு ஆக்ஸிஜன் கூட்டி அனுப்பறதுக்குப் பதிலா அதோட தேவையையே குறைச்சா என்னன்னு யோசிச்சுக் கண்டுபுடிச்சதுதான் ப்ரோப்ரனலால். 1988ல நோபல் பரிசு குடுத்தாங்க.

விஷயம் இனிமேதான். மாசக்கணக்கா இடத்தை அடைச்சு வச்சா உடம்பு சும்மா இருக்காது. அட்ரினலினுக்குன்னு இன்னும் நிறைய இடத்தை உருவாக்கிக்கும். அந்த நேரம் பாத்து நீங்க மாத்திரையை டக்குனு நிறுத்துறீங்க. அத்தனை இடமும் காலி, அத்தனையிலயும் அட்ரினலின் வந்து உக்காருது. படபடப்பு வரும், பிரஷர் ஏறும். ஏற்கனவே ரத்தக்குழாய் அடைப்பு இருக்கறவங்களுக்கு நெஞ்சு வலி, ஹார்ட் அட்டாக் வரைக்கும் போகலாம். அதனாலதான் நிறுத்தணும்னா டாக்டர்ங்க ஒண்ணு ரெண்டு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா டோஸைக் குறைப்பாங்க. பல்லு புடுங்கப் போனாலும், ஆபரேஷனுக்குப் போனாலும் 'இந்த மாத்திரை போடறேன்'னு சொல்லுங்க. நீங்களா முந்தின நாள் நிறுத்திட்டுப் போகாதீங்க.

சில பேர் வேணும்னு நிறுத்தறதில்ல. ஊருக்குக் கல்யாணத்துக்குப் போவாங்க, அங்க மாத்திரை தீந்துடும், 'மெட்ராஸ் போய் வாங்கிக்கலாம்'னு இருந்துடுவாங்க. அதுவும் நிறுத்துன கணக்குதான். ஒரு வாரத்துக்கு மாத்திரை கையில இருக்கும்போதே அடுத்தது வாங்கிடுங்க.

இதுக்கு நேர் எதிர் பக்கமும் இருக்கு, நம்ம ஏரியாவுல இது ரொம்ப நடக்குது. 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க இல்ல, வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை குடுக்கறாங்க. நல்ல திட்டம், நான் குறை சொல்லல. ஆனா ஆயா அந்த மாத்திரையும் போடும், பையன் தனியார்ல காட்டி எழுதி வாங்குனதையும் போடும். கவர் வேற, கலர் வேற. உள்ள பாத்தா ஒண்ணுல அட்டினலால், இன்னொண்ணுல மெட்டோப்ரோலால். ரெண்டும் ஒரே வேலை. அப்புறம் 'ஆயாவுக்குத் தலை சுத்துது, வெயில்ல எம்.சி. ரோடு போயிட்டு வந்துச்சு, அதான்'னு குளுக்கோஸ் பாக்கெட் கேட்டு வருவாங்க. கலப்பு மாத்திரையும் இருக்கு. பேருக்குப் பின்னாடி ஏடின்னு (AT) ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்தா பெரும்பாலும் உள்ள அட்டினலால் சேர்ந்திருக்கும். அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் சீட்டை மட்டும் கொண்டு போகாதீங்க, டப்பாவையே கொண்டு போங்க.

நாடி பாக்கக் கத்துக்கோங்க. பிரஷர் மிஷின் இல்லாட்டியும் இதுக்குக் காசு ஆகாது. கட்டை விரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரலை வைங்க, ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. உங்க டாக்டர் உங்களுக்குன்னு ஒரு நம்பர் சொல்லியிருந்தா அதான் கணக்கு. சொல்லலன்னா, 50க்குக் கீழ இருந்தா அடுத்த மாத்திரைக்கு முன்னாடி அவர்கிட்ட கேளுங்க. மயக்கம் போட்டு விழுந்தா, மூச்சு முட்டுனா, நெஞ்சு வலிச்சா, எண்ணிக்கிட்டு இருக்காம 108க்கு அடிங்க.

வீசிங் இருக்கறவங்க இதை உத்துக் கேளுங்க. மூச்சுக்குழல் விரியறதுக்கும் இதே மாதிரி இடங்கள்தான் வேலை செய்யுது. முக்கியமா ப்ரோப்ரனலால் அதை அடைச்சு மூச்சை இறுக்கிடும். கண்ணு பிரஷருக்குப் போடற டிமோலால் சொட்டு மருந்து கூட இதே குடும்பம்தான். சொட்டு மருந்துதானேன்னு விட்டுடாதீங்க, கண் டாக்டர்கிட்டயும் வீசிங் இருக்குன்னு சொல்லணும். அப்படியே இன்னொண்ணு: இன்டர்வியூவுக்குக் கை நடுங்குது, ஒரு ப்ரோப்ரனலால் குடுங்கக்கான்னு சீட்டு இல்லாம வர்ற தம்பிங்களா, தர மாட்டேன்.

சுகர் இருந்தா இன்னொரு சிக்கல். லோ சுகர் ஆனா கை நடுங்கும், படபடக்கும்; அதை வச்சுத்தானே கண்டுபுடிக்கறோம்? இந்த மாத்திரை அந்த ரெண்டையும் மறைச்சுடும். வியர்வை மட்டும் மறையாது. திடீர்னு குப்புனு வேர்த்தா, வெயில்னு நினைக்காம சுகரைப் பாருங்க. நம்ம ஊரு மே மாசத்துல இது கஷ்டம்தான், ஒத்துக்கறேன், அதுக்குத்தான் குளுக்கோமீட்டர்.

மெட்டோப்ரோலாலும் கார்வெடிலாலும் சாப்பாட்டோட போடுங்க. பேர்ல எக்ஸ்எல், இஆர்னு இருந்தா அது நாள் பூரா மெதுவா கரையற மாத்திரை. முழுங்க முடியலன்னு பாட்டிக்கு இடிச்சு தண்ணில கலக்கிக் குடுக்காதீங்க, மொத்த மருந்தும் ஒரேயடியா ஏறிடும். நடுவுல கோடு இருந்தா பாதியா உடைக்கலாமான்னு கேட்டுட்டு உடைங்க. ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடுங்க, ரெண்டா சேர்த்துப் போடவே கூடாது.

ஹார்பர்ல மூட்டை தூக்கற அண்ணன்ங்க வலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் வாங்குறாங்க. அது பிரஷரை ஏத்தும், இந்த மாத்திரை பண்ற வேலையைக் கெடுக்கும். வெராப்பமில், டில்டியாசெம்னு வேற ஹார்ட் மாத்திரை இருந்தாலும் சொல்லிடுங்க. சேர்ந்தா துடிப்பு ரொம்ப இறங்கிடலாம்.

ஆரம்பத்துல அசதியா இருக்கும், கை கால் சில்லுனு இருக்கும், சில பேருக்குக் கெட்ட கனவு வரும். ஆம்பளைங்களுக்குத் தாம்பத்தியத்துல பிரச்சனை வரலாம். வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லாம நிறுத்திடறவங்க நிறைய பேர். டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திக் குடுக்க வேற மருந்து இருக்கு.

சரி, கையில டப்பா இருக்கில்ல? ஒவ்வொரு ஸ்ட்ரிப்போட பின்பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஊர்ல போய்த் தீந்தாலும் அதைக் காட்டிக் கேக்கலாம். ஷட்டரை யாரோ தட்டறாங்க. வரேன்.