வெட்டி எடுத்த முகம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'மறைந்த சே குவேராவை வெகுமக்கள் பண்பாடு வாழவைத்திருக்கிறதா, மறக்கடித்திருக்கிறதா?' இதுதான் தலைப்பு. மறக்கடித்திருக்கிறது என்று பேச நிற்கிறேன்.

எதிரணியின் அம்மா அழகாகப் பேசினார்கள். "அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் சட்டையில் இருக்கிறார், சுவரில் இருக்கிறார், மரடோனா தன் கையிலேயே பச்சை குத்தி வைத்திருந்தார். பெயர் தெரியாத பிள்ளைக்குக்கூட அந்த முகம் தெரிகிறது. இதற்குப் பெயரா மறதி?" என்று கேட்டார்கள். அவை கைதட்டியது. நானும் அந்த முகத்திலிருந்தே தொடங்குகிறேன், அம்மா.

அந்தப் படம் எடுத்த நாள் 1960 மார்ச் 5. இடம் கியூபாவின் தலைநகர் ஹவானா. அதற்கு முந்தின நாள், பெல்ஜியத்திலிருந்து ஆயுதம் ஏற்றி வந்த லா கூப்ர் என்ற பிரெஞ்சுக் கப்பல் துறைமுகத்தில் வெடித்தது. காப்பாற்ற ஜனங்கள் ஓடி வந்தபோது இரண்டாம் முறையும் வெடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறுநாள் இரங்கல் கூட்டம். காஸ்ட்ரோ பேசிக்கொண்டிருக்கும்போது சே மேடையின் முன்பக்கம் வந்து கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்க்கிறார். ஆல்பர்ட்டோ கோர்டா என்ற புகைப்படக்காரர் இரண்டே முறை பொத்தானை அழுத்துகிறார். அவர் வேலை பார்த்த பத்திரிகை அப்போது அந்தப் படத்தைப் போடக்கூட இல்லை.

முழுப் படத்தில் ஒரு பக்கம் வேறொருவரின் முகம் பக்கவாட்டில் தெரியும், மறுபக்கம் ஒரு பனையின் ஓலை தெரியும். கோர்டா இரண்டையும் வெட்டி எடுத்தார். 1967இல் ஃபெல்ட்ரினெல்லி என்ற இத்தாலியப் பதிப்பாளர் கைக்குப் படம் போனது. சே கொல்லப்பட்டதும் அது சுவரொட்டியானது. 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அயர்லாந்து ஓவியர் அதைச் சிவப்பும் கறுப்புமாக்கினார். புகைப்படத்தில் இருந்த சாம்பல் நிறமெல்லாம் போயிற்று. அந்த முகத்தில் இருந்த துக்கம் அந்தச் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. இன்றைக்கு அதைப் பார்க்கிற யாரும் 'இவர் யாருடைய சாவுக்கு வந்து நிற்கிறார்?' என்று கேட்பதில்லை. 'எதிர்காலத்தைப் பார்க்கிறார்' என்கிறோம். அவர் பார்த்தது பிணங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து நின்ற ஜனத்தை.

சரி, படம் என்றால் வெட்டத்தானே செய்வார்கள் என்பீர்கள். மனிதரையும் அல்லவா வெட்டினார்கள்?

அவருடைய வாழ்க்கையில் எந்தப் பகுதி திரைக்கும் பாட்டுக்கும் பிடித்தது என்று யோசித்துப் பாருங்கள். 1952. இருபத்துமூன்று வயது மருத்துவ மாணவர், நண்பரோடு மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்காவைச் சுற்றுகிறார், பெருவில் தொழுநோயாளிகளோடு தங்குகிறார். மனதைத் தொடுகிற கதை, உண்மையான கதையும்கூட. ஆனால் அங்கேயே கதையை நிறுத்திவிடுகிறோம். ஐந்தே வருடம் கழித்து, 1957 பிப்ரவரியில், கியூபாவின் சியேரா மாயெஸ்த்ரா மலையில், சர்வாதிகாரி பாட்டிஸ்டாவுக்கு எதிரான கெரில்லாப் போரில், எதிரிக்குத் துப்புக் கொடுத்த யூட்டிமியோ கெர்ரா என்ற உழவரைத் தன் கைத்துப்பாக்கியால் சுட்டவரும் இவர்தான். வேறு யாரும் செய்யத் தயங்கிய வேலை அது. செய்துவிட்டு, எந்தப் பக்கம் குண்டு நுழைந்து எந்தப் பக்கம் வெளியே வந்தது என்பது வரை மருத்துவரின் கண்ணோடு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்.

1959இல் புரட்சி வென்ற பிறகு லா கபானா கோட்டைக்கு அவர் தளபதி. பாட்டிஸ்டா ஆட்சியின் ஆட்களைப் புரட்சி நீதிமன்றங்கள் விசாரித்தன. மேல்முறையீடுகள் அவரிடம் வந்தன. பலர் சுடப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது, சுடப்பட்டார்கள் என்பதில் இல்லை. அவர்களில் சித்திரவதைக்குப் பேர்போன போலீஸ்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்புறம் 1964 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தபோது சே ஒளிக்கவில்லை. "சுட்டிருக்கிறோம், சுடுகிறோம், தேவைப்படும் வரை சுடுவோம்" என்றார்.

நடுவர் அவர்களே, இதைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. அவர் உலகத்தின் முன்னால் வாய் திறந்து சொன்ன ஒன்றை, அவர் பெயரால் நாம் ஏன் மறைக்கிறோம்? சரி என்று நினைப்பவர்கள் சரி என்று வாதாடட்டும். தப்பு என்று நினைப்பவர்கள் தப்பு என்று வாதாடட்டும். இரண்டும் அவரை நினைவில் வைத்திருப்பதுதான். ஒரு தொப்பி, ஒரு நட்சத்திரம், கொஞ்சம் தாடி, இவற்றோடு யார் வாதாட முடியும்? அவரை வெறுப்பவர்களும் இதே முகத்தை எடுத்து, மேலே ஒரு சிவப்புக் கோடு போட்டுச் சட்டையாக விற்கிறார்கள். அதிலும் ஆள் இல்லை.

எதிரணித் தம்பி கேட்டார்: "சட்டையைப் பார்த்த பையன் ஒருநாள் புத்தகத்தைத் தேட மாட்டானா?" தேடுவான், தம்பி. நானே அப்படி வந்தவன்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் புத்தகத்தைத் திறந்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை நாள் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றுதான். பொலிவியக் காட்டில் அவர் எழுதிய நாட்குறிப்பைச் சொல்கிறேன்.

1966 நவம்பரில் போகிறார். கூட இருந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். மக்கள் சேருவார்கள், ஒரு பொறி காடு முழுக்கப் பிடிக்கும் என்பது கணக்கு. காட்டில் உட்கார்ந்து கெச்சுவா மொழி படிக்கத் தொடங்குகிறார்கள். சுற்றிலும் இருந்த ஊர்களின் மொழியோ குவாரானி. அந்த நாட்டு உழவர்களுக்கு 1953 நிலச் சீர்திருத்தத்தில் நிலம் கிடைத்திருந்தது. அதிபர் பாரியென்டோஸ் கெச்சுவாவில் பேசி உழவர்களைக் கையில் வைத்திருந்தார். பொலிவியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் காட்டுக்கு வந்து பேசி, ஒத்துவராமல் திரும்பிப் போனார்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் சே ஒரு கணக்குப் பார்த்து எழுதுவார். 1967 ஏப்ரல் கணக்கைப் பாருங்கள். உழவர் ஆதரவு வளரவில்லை, ஒருவர்கூடச் சேரவில்லை, ஆனாலும் திட்டமிட்ட பயங்கரத்தின் மூலம் பெரும்பாலோரை நடுநிலையில் நிறுத்தலாம், ஆதரவு பிறகு வரும். 'திட்டமிட்ட பயங்கரம்' என்ற சொல் அவருடையது. ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் கணக்கில், உழவர்கள் எந்த உதவியும் செய்வதில்லை, காட்டிக்கொடுப்பவர்களாக ஆகிறார்கள் என்று எழுதுகிறார். தன் மருந்து தீர்ந்து ஆஸ்துமாவில் மூச்சுத் திணறியதை, எரிச்சலில் தான் ஏறியிருந்த குதிரையைக் கத்தியால் குத்தியதை, எல்லாவற்றையும் எழுதுகிறார். இவ்வளவு நேர்மையாகத் தன் தோல்வியை எழுதிய போராளிகள் குறைவு. அதற்கு முன் 1965இல் காங்கோவுக்குப் போய்த் தோற்று வந்து எழுதிய குறிப்பின் தொடக்கமே "இது ஒரு தோல்வியின் வரலாறு" என்பதுதான்.

இப்படி எழுதியவரைத்தான் தோல்வியே தெரியாத முகமாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் சின்னதல்ல. 1959 ஆகஸ்டில் சே இலங்கைக்கு வந்தார். ஹொரணையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மஹோகனிக் கன்று ஒன்றை நட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1971 ஏப்ரலில், அதே நாட்டில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள் ஒரே இரவில் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். அவர்களை ஊரே 'சேகுவேராக்காரர்கள்' என்றுதான் சொன்னது. அரசு அடக்கியதில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் செத்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த கிராமத்துப் பிள்ளைகள். சேவின் பெயர் கடல் தாண்டி அவர்களிடம் வந்து சேர்ந்தது. ஆதரிக்க ஜனம் இல்லாத இடத்தில் துப்பாக்கி எடுத்தால் என்ன ஆகும் என்று அவர் பதினொரு மாதம் தன் உடம்பால் கற்றதும் அந்தப் பெயரோடு வந்து சேர்ந்திருந்தால்? அந்தத் தாய்மார்களை நினைக்கும்போது இந்தக் கேள்வி எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

அவரோடு சேர்ந்து மறக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 1967 ஜூனில் பொலிவியாவின் சிக்லோ வெய்ன்டே ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள், தங்கள் ஒரு நாள் கூலியைக் கெரில்லாக்களுக்குக் கொடுக்க நினைத்தார்கள். ஜூன் 24, புனித யோவான் திருநாள். இரவெல்லாம் தீ மூட்டிக் கொண்டாடிவிட்டுப் படுத்த குடியிருப்புக்குள் விடியற்காலையில் இராணுவம் புகுந்து சுட்டது. பெண்களும் குழந்தைகளும்கூடச் செத்தார்கள். எந்தச் சுவரிலும் அவர்கள் இல்லை. சேவின் வரலாற்றிலிருந்து அவர்களை எடுத்துவிட்டால் அது என்ன வரலாறு?

வியாபாரத்தைப் பற்றி என் அணித் தோழர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. கியூப தேசிய வங்கியின் தலைவராக இருந்தபோது ரூபாய் நோட்டில் கையெழுத்திடுவது போல அந்த நாட்டு நோட்டில் வெறும் 'சே' என்று போட்டவர் அவர். இன்று 3 பெசோ நோட்டில் அவர் முகம். சுற்றுலாப் பயணிகள் அதை நினைவுப் பொருளாக வாங்கிப் போகிறார்கள். கோர்டா தன் படத்துக்குக் காசு கேட்டதில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டில் ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் பார்த்ததும் வழக்குப் போட்டார். கிடைத்த 50,000 டாலரைக் கியூபக் குழந்தைகளின் மருந்துக்குக் கொடுத்தார். படம் எடுத்தவருக்கே தாங்கவில்லை, அம்மா.

எதிரணியினர் கடைசியாக அவருடைய மரணத்தைச் சொன்னார்கள். 1967 அக்டோபர் 9, லா ஹிகுவேரா பள்ளிக்கூடம், சுட வந்தவனைப் பார்த்து அவர் சொன்ன வீர வசனம். அந்த வசனம் ஆளுக்கு ஒரு விதமாக உலவுகிறது. அறைக்குள் நடந்ததைச் சொன்னவர்கள் அவரைக் கொன்ற தரப்பினர். நம்மிடம் ஐயமில்லாமல் இருப்பது அவர் கையால் எழுதிய கடைசிப் பக்கம், அக்டோபர் 7. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

காட்டுக்கு வந்து பதினொரு மாதம் நிறைகிறது என்று தொடங்குகிறார். பகல் பன்னிரண்டரை மணிக்கு, அவர்கள் ஒளிந்திருந்த பள்ளத்தாக்குக்குள் ஒரு மூதாட்டி ஆடு மேய்த்துக்கொண்டு வந்துவிடுகிறார். பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள். சிப்பாய்களைப் பற்றிக் கேட்டால் எதற்கும் 'தெரியாது' என்கிறார். மாலையில் மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே படுத்த படுக்கையாக ஒரு மகள், வளர்ச்சி குன்றிய இன்னொரு மகள். யாரிடமும் வாய் திறக்காதே என்று சொல்லி 50 பெசோ கொடுக்கிறார்கள். அவர் வாக்குக் கொடுக்கிறார். காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை அதிகம் இல்லை என்று சே எழுதுகிறார். அந்த மூதாட்டிதான் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்காகக் காட்டுக்கு வந்தாரோ, அந்த ஏழை வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் அன்றைக்கு இருந்தது அந்த 50 பெசோதான். இரவில் பதினேழு பேர் மெல்லிய நிலா வெளிச்சத்தில் கிளம்புகிறார்கள். நடை கடினம், பள்ளத்தாக்கில் தடம் நிறைய விட்டுப்போகிறோம் என்று எழுதுகிறார். பக்கத்தில் வீடுகள் இல்லை, ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய உருளைக்கிழங்குப் பாத்திகள் இருக்கின்றன என்று எழுதுகிறார்.

மறுநாள் பிடிபட்டார்.

நடுவர் அவர்களே, அந்தப் பக்கத்தை உங்கள் முன் வைத்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்.