மரம் தெரியும் சன்னலுக்கு ஒரு புள்ளி

நேயர்களுக்கு வணக்கம். பசுமைக் கட்டடம் என்றதும் கூரைமேல் சூரியத் தகடுகளும் குறைந்த மின்கட்டணமும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, உள்ளே எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் தலைவலி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இதைப் பேச எழும்போதெல்லாம் நான் ஒரு மருத்துவமனையில்தான் தொடங்குவேன். முன்பே கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுள் 46 பேரின் பதிவேடுகளை ராஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் எடுத்து, வயது, பால், புகைப்பழக்கம் முதலியவை ஒத்துவரும்படி அவர்களை 23 இணைகளாக்கினார். ஓர் இணையில் ஒருவருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவருக்கோ வெறும் செங்கற்சுவர். அறையும் கட்டிலும் ஏறத்தாழ ஒன்றே. மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக 7.96 நாளிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளிலும் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் மரத்தைப் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் 1984இல் அது வெளிவந்த பிறகு, சன்னலை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது கடினமாயிற்று.

இனித் தரச்சான்றுக்கு வருவோம். கட்டடம் எவ்வளவு பசுமையானது என்று புள்ளியிட்டு உலகெங்கும் வழங்கும் லீட் சான்றின் நான்காம் பதிப்பில், புதிய கட்டடங்களுக்கு மொத்தம் 110 புள்ளிகள். அவற்றுள் ஆற்றலுக்கு 33, உட்புறச் சூழலுக்கு 16. வெளிக்காட்சிக்கு, அதாவது நான் சொன்ன அந்த மரத்துக்கு, ஒன்றே ஒன்று. 80 புள்ளி பெற்றாலே பிளாட்டினம் என்பதால், அந்த 16 புள்ளிகளையும் இழந்த கட்டடமும் கணக்கின்படி உச்சத் தரத்தை எட்டலாம். குறைந்த அளவு காற்றோட்டம் அங்கே கட்டாயம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் குறைந்த அளவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கட்டடங்களை இறுக மூடினார்கள். 1981இல் அமெரிக்கத் தர அளவு, புகைபிடிக்காத அலுவலகங்களில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. கண்ணெரிச்சலும் களைப்புமாகப் புகார்கள் குவிந்தன. 1989இல் அலுவலகங்களுக்கு அதை 20 ஆக்கினார்கள். மூடிய குளிரறைக் கூட்டத்தில் நண்பகலில் கண் சொக்கும்போது, பேச்சாளரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

உடல்நலத்தையே மையமாக வைத்த வெல் சான்று 2014இல் வந்தது. அதை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன்: புது ஒட்டுப்பலகை அலமாரியின் வாடையில் பார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயு இருக்கக்கூடும் என்பதால், அந்த அறையில் குழந்தையைப் படுக்கவைக்குமுன் சில வாரங்கள் சன்னலைத் திறந்து வையுங்கள். வணக்கம்.