தழும்பு ஏன் அரிக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கேட்டுக்கொண்டே உங்கள் இடது தோளுக்குக் கீழே கொஞ்சம் தடவிப் பாருங்கள். சின்ன வயதில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்த் தடவிக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்தத் தழும்பு தோலோடு தோலாக அமுங்கிக் கிடக்கும். சிலருக்கு மட்டும் பொத்தான் மாதிரி மேடிட்டு, தொட்டால் வழவழவென்று, அவ்வப்போது நமைச்சலும் எடுக்கும். அந்தச் சிலரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நாங்கள் அதைக் கீலாய்டு என்போம். காயம்பட்டால் தோல் கொலாஜன் என்கிற நாரை உண்டாக்கி இடைவெளியை அடைக்கிறது. அடைத்ததும் நிறுத்த வேண்டும். இவர்களுக்கு நிற்பதில்லை. காயம் கடுகளவு, தழும்பு நெல்லிக்காய் அளவு. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு வேறு வகை. அது நாளடைவில் தணியக்கூடும். எல்லை தாண்டிப் பக்கத்துத் தோலிலும் படர்ந்தால் கீலாய்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். புண் ஆறும் வரை நம் பாட்டிமார் தொடவிடாத கரப்பான் பண்டங்களில் நண்டும் உண்டு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தோல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய புதிதில், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவளுடைய அம்மா அழைத்து வந்தார். காது மடலில் இரண்டாவதாகக் குத்திய துளை. தோட்டைக் கழற்றிப் பல மாதம் ஆகியும், துளை இருந்த இடத்தில் முன்னும் பின்னுமாகக் கட்டி. வேறோர் இடத்தில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆறே மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்துவிட்டது. தலைமுடியைக் காதின் மேல் இழுத்துவிட்டே பழகியிருந்தாள்.

நான் பேச ஆரம்பித்ததும் தும்மினாள். ஒன்று, இரண்டு இல்லை, ஒன்பது. நான் எண்ணினேன். "அது தினமும் காலையில இருக்கறதுதான் டாக்டர். அதை விடுங்க, காதைப் பாருங்க" என்றார் அம்மா. நான் காதைப் பார்க்கவில்லை, அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை மூக்கைத் தேய்க்க, இன்னொரு கை தானாகப் போய் அந்தக் கட்டியைச் சொறிந்துகொண்டிருந்தது. எப்போது அதிகம் அரிக்கும் என்று கேட்டேன். "தும்மல் ஜாஸ்தியா இருக்கற அன்னிக்குத்தான் டாக்டர்." அப்புறம் விசாரித்தால், சின்ன வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான், மழைக்காலத்தில் மூச்சிளைப்பு. எல்லாம் அலர்ஜியின் அடையாளங்கள்.

அன்றிலிருந்து மேடிட்ட தழும்போடு யார் வந்தாலும் தும்மல், இளைப்பு, கரப்பான் மூன்றையும் கேட்பேன். காதைக் காட்டினால் மூக்கைப் பார்க்கிற டாக்டர் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் காலையில் தும்மாதவர் யார்? ஒருத்தி தும்மியதை வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

ஆனால் தழும்பு அரிக்கிறதே, அதை யோசியுங்கள். அலர்ஜியில் ஹிஸ்டமின் என்கிற அரிப்பைக் கிளப்பும் ரசாயனத்தைக் கொட்டுகிற மாஸ்ட் செல்கள் கீலாய்டுக்குள்ளும் இருக்கின்றன. அலர்ஜி உள்ளவர்களின் உடம்பில் ஓங்கியிருக்கும் இன்டர்லூக்கின் 4, இன்டர்லூக்கின் 13 என்ற இரண்டு ரசாயனச் செய்திகள், நார் உண்டாக்கும் செல்களைப் போய் உசுப்பிவிடுகின்றன. மூக்கில் நடக்கிற அதே கலாட்டா தழும்பிலும் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் டிரானிலாஸ்ட் என்று ஒரு மாத்திரை. 1982இல் ஆஸ்துமாவுக்கு என்று வந்தது. பிறகு அதே மாத்திரையைக் கீலாய்டுக்கும் கொடுக்க அனுமதித்தார்கள். தைவானில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், அலர்ஜிக் கரப்பான் உள்ளவர்களுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு என்று கண்டார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கீலாய்டு வருவதே இல்லை. கருத்த தோல், குடும்பவாகு, இளவயது, காயம்பட்ட இடம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அலர்ஜி அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். எவ்வளவு பெரிய ஆள் என்பதில்தான் இன்னும் சண்டை. கரப்பானுக்குப் போடும் டூபிலுமாப் என்ற புதிய ஊசி அந்த இரண்டு செய்திகளையும் தடுக்கிறது. அதைப் போட்டதில் சிலருக்குக் கீலாய்டு சுருங்கியது, சிலருக்கு அசையவே இல்லை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார்கள். சிகிச்சைக்கு என்று தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், போயிற்று. வேகமாகச் சொல்கிறேன். தழும்பை வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, சிலிகான் தாள், காதுக்கு அழுத்தும் தோடு என்று வழிகள் உண்டு. சாதாரண அலர்ஜி மாத்திரை நமைச்சலைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. வீட்டில் யாருக்காவது மேடிட்ட தழும்பு இருந்தால், இரண்டாவது துளை குத்துவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். தும்மலையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணா? மாதம் ஒரு ஊசி, கட்டி நன்றாக அமுங்கிவிட்டது. இப்போது முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வருகிறாள். தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது. வணக்கம்.