மழை லீவு அன்னைக்கு எங்க வீட்ல மட்டும் 0 மில்லிமீட்டர்! | ப்ராஜெக்ட்ல போரடிக்கற வேலையை ஏன் தள்ளிப்போடறோம்?

[திரையில்: கோடு போட்ட பழைய நோட்டு. 30 வரி. நீலம், கறுப்பு, பச்சைன்னு மூணு பேனா எழுத்து.]

இந்த அட்டவணையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஐப்பசி மாச மழை அளவு, 30 நாளுக்கு. ஒன்பதாம் வகுப்பு ப்ராஜெக்டுக்காக நான் எழுதினது. கொல்லையில பாட்டில் வச்சு, விழுந்த மழையைத் தினம் அளந்து எழுதணும். முப்பது நாளையும் ஒரே ராத்திரியில எழுதினது! சந்தேகம் வரக்கூடாதுன்னு மூணு பேனா மாத்தினேன். நாலு இடத்துல விரல்ல தண்ணியத் தொட்டு மையைக் கலைச்சேன். அப்படியும் பதினேழாவது வரியில மாட்டிக்கிட்டேன்.

சார் நோட்டைத் திருப்பி என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. "ஏண்டா, அன்னைக்குத்தான் மழைன்னு மாவட்டம் பூரா லீவு விட்டாங்க. உங்க வீட்டுக் கொல்லையில மட்டும் 0 மில்லிமீட்டரா?"

வணக்கம் மக்களே! இன்னைக்குப் பேசப்போறது இந்த வியாதியைப் பத்தித்தான். பிடிச்ச வேலையை ராத்திரி முழிச்சு செய்வோம், போரடிக்கற வேலையை நாளைக்குன்னு தள்ளுவோம்.

இதைச் சோம்பேறித்தனம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அதே ப்ராஜெக்டுக்காக ரெண்டு வாரம் தெர்மாகோல்ல கல்லணை கட்டினவன் நான். மதகு மதகா அறுத்தேன். காவிரி பளபளன்னு இருக்கணும்னு அப்பா வாசல் கேட்டுக்கு அடிச்சு மிச்சம் வச்சிருந்த நீல எனாமலை எடுத்து ஊத்தினேன். பெயிண்ட்ல இருக்கற தின்னர் தெர்மாகோலைக் கரைச்சிடும்னு யாரு கண்டா? கரிகாலன் கட்டினது 329 மீட்டர் நீளம், சுமார் 2000 வருஷமா நிக்குது. என்னுது ராத்திரி எட்டு மணிக்குள்ள உக்காந்துருச்சு. அழுதுட்டு மறுநாள் முதல்லேர்ந்து கட்டினேன். அவ்வளவு உழைப்பு! ஆனா கொல்லைக்குப் போய் பாட்டில்ல எத்தனை மில்லிமீட்டர்னு பாக்க ஒரு நிமிஷம் கிடைக்கல.

காரணம் நேரம் இல்ல, மனசு. ஃபுஷியா சிரோய், டிம் பிச்சில்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல எழுதின கட்டுரையோட சாரமே இதுதான்: நாம வேலையைத் தள்ளல, அந்த வேலை தர்ற எரிச்சலைத் தள்றோம். தள்ளின உடனே ஒரு நிம்மதி வருது பாருங்க, அதுதான் கூலி. கூலி கிடைச்ச வேலையை மனசு திரும்பத் திரும்பச் செய்யும்.

இன்னொண்ணு, நம்ம கணக்கு எப்பவும் தப்பு. 1994-ல வந்த ஒரு ஆய்வுல, கல்லூரி இறுதி ஆண்டு மாணவர்கள்கிட்ட ஆய்வேடு எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னாங்க. சரிப்பா, எல்லாமே சொதப்பினா? 49 நாள்னாங்க. ஆனது 55 நாளுக்கும் மேல! அவங்க யோசிச்ச மோசமான நிலைமையே போதுமான அளவு மோசமா இல்ல.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். டெல்டாக்காரங்க கமெண்ட்ல கை தூக்குங்க.

மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தா என்ன நடக்கும்? மதகுல பூத் தூவுவாங்க, கேமரா வரிசையா நிக்கும். அப்புறம் கல்லணையில திறப்பாங்க, மறுபடி பூ. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு தண்ணி நாலாப் பிரியும். அது நம்ம தெர்மாகோல் மாடல் மாதிரி, பாக்க அழகு. ஆனா அதுக்கு முன்னாடி, சித்திரை வைகாசி வெயில்ல, காஞ்சு கெடக்கற வாய்க்கால்ல தூர் வாரணும். ஆகாயத்தாமரை வேரைப் பிடுங்கணும், காட்டாமணக்கை வெட்டணும், சேத்தை அள்ளிக் கரையில போடணும். அதுக்கு எவனும் பூத் தூவ மாட்டான். அந்தக் காலத்துல ஊரே வீட்டுக்கு ஓர் ஆளா இறங்கிச் செஞ்ச குடிமராமத்து இதுதான்.

தூர் வாராம விட்டா மேட்டூர்ல 120 அடி நிறைஞ்சிருந்தாலும் என்ன புண்ணியம்? வாய்க்கால் தலைப்புல இருக்கறவன் வயல் முழுகும், கடைசியில இருக்கற கடைமடைக்காரன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். என் ப்ராஜெக்டுக்கு அந்த அட்டவணைதான் கடைமடை. சார் நேரா அங்க போய்த்தான் தண்ணி வந்திருக்கான்னு பாத்தாரு!

தண்டனை என்னன்னா, கார்த்திகை முழுக்க நிஜமா அளக்கணும். மழை அளவெடுக்கறது காலை எட்டரைக்குன்னு வானிலைத் துறையில ஒரு வழக்கம் இருக்கு. ஸ்கூல் போறவனுக்கு அது தோதுப்படாது. அதனால நான் ஒண்ணு செஞ்சேன்: பல் தேய்ச்சதும் வாய் கொப்பளிக்கக் கொல்லைக்குப் போவோம்ல, அப்பவே பாட்டிலைப் பாத்துடறது. அப்புறம்தான் காபி.

இதுக்கு ஆய்வே இருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஜெர்மனியில பீட்டர் கோல்விட்சர் குழு, கிறிஸ்துமஸ் லீவுல மாணவர்களை ஒரு அறிக்கை எழுதச் சொன்னாங்க. எப்ப, எங்க உக்காந்து எழுதுவேன்னு முன்னாடியே குறிச்சு வச்சவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் முடிச்சாங்க. குறிக்காதவங்கள்ல மூணுக்கு ஒருத்தர்தான்.

ஒரு வாரத்துல போரடிக்கறது போய் ஒரு கிறுக்கே பிடிச்சுருச்சு. 1 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். எங்க ஊர்க் கணக்குல ஒரு மா, அதாவது ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு நிலத்துக்குச் சுமார் 1,350 லிட்டர்! தாத்தாகிட்ட தினம் போய், "தாத்தா, நேத்து நம்ம வயலுக்கு எத்தனை லிட்டர் தெரியுமா"ன்னு கேப்பேன். அவரு, "நாத்து முழுகுதுடா, லிட்டரை யாரு கேட்டா"ம்பாரு.

[திரையில்: ரெண்டாவது நோட்டு. ஒரே பேனா.]

இதுதான் அந்தக் கார்த்திகை. எல்லா வரியிலயும் எண் இருக்கு, இந்த ஒரு வரியைத் தவிர. அன்னைக்குப் பக்கத்து வீட்டு ஆடு பாட்டிலைத் தட்டி விட்டுருச்சு. என்ன எழுதறதுன்னு தெரியாம "ஆடு"ன்னு மட்டும் எழுதியிருக்கேன்.

நோட்டு முழுக்க சார் சிவப்பு டிக் போட்டது அந்த வரிக்கு மட்டும்தான்.