வெட்டிய மரத்தின் துளிர்

(திருவருகைக் காலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பானவர்களே,

டிசம்பர் வந்துவிட்டால் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் பதினோராம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கிறோம். தாவீது ராஜாவின் தகப்பனாகிய ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்ற வசனம் நம் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். மனப்பாடம் ஆனதாலேயே அதில் ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். நம் கண் துளிரில் நிற்கிறது, அடிமரத்தில் நிற்பதில்லை. மரத்தை வெட்டினால்தானே அடிமரம்? அந்த வெட்டைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் மரம் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். கடவுளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று தாவீது ஆசைப்படுகிறான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து சொல்கிறார்: நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு வீடு கட்டுவேன். எபிரெயத்திலும் 'வீடு' என்றால் கட்டடமும் உண்டு, குடிவழியும் உண்டு. 1993-ல் இஸ்ரேலின் வடக்கே தெல் தாண் மேட்டில் ஓர் அரமேயக் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. எதிரி அரசன் ஒருவன் வெட்டி வைத்த கல் அது. அதிலும் 'தாவீதின் வீடு' என்றே இருக்கிறது.

அந்த வீட்டின் அரசர்கள் எப்படி இருந்தார்கள்? கி.மு. 734 வாக்கில் சீரியாவும் வடநாட்டு இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேம்மேல் படையெடுத்தன. எருசலேமிலிருந்து யூதா நாட்டை ஆண்ட, தாவீதின் குடிவழியில் வந்த ஆகாஸ் ராஜாவின் நெஞ்சு காற்றில் ஆடும் காட்டு மரம்போல ஆடியது என்கிறது வேதம். வண்ணார் துறைக்குப் போகிற வழியில், மேல்குளத்து மதகருகே ஏசாயா அவனைச் சந்தித்து, பயப்படாதே என்றார். இம்மானுவேல் என்ற பெயர் நம் காதுக்கு வந்தது அந்தச் சந்தர்ப்பத்தில்தான். ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் அள்ளி, உதவி கேட்டு அசீரிய ராஜாவுக்கு அனுப்பினான்.

சிங்காசனம் நின்றுகொண்டிருக்கும்போதே ஏசாயா அதை அடிமரம் என்கிறார். அதற்கு முந்தின வசனங்களில் அசீரியா என்னும் பெருங்காட்டைக் கடவுள் கோடரியால் வெட்டிச் சாய்க்கிறார். அந்தக் காட்டுக்குத் துளிர் என்ற பேச்சே இல்லை. நமக்குத் தெரியும், பனையை வெட்டினால் அதோடு தீர்ந்தது, வேம்பை வெட்டினால் அடியில் துளிர்க்கும். இன்னொன்றும் கவனியுங்கள். தாவீதின் அடிமரம் என்று அவர் சொல்லவில்லை, ஈசாயின் அடிமரம் என்கிறார். அரண்மனையைத் தாண்டி, ஆடு மேய்த்த பெத்லகேம் குடும்பத்துக்கே திரும்பிப் போகிறார். அதே காலத்துத் தீர்க்கதரிசி மீகாவும் சின்னஞ்சிறிய பெத்லகேமைத்தான் சுட்டுகிறார்.

வெட்டு விழுந்தது கி.மு. 586 அளவில். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை எரித்தது. கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்முன்னே அவன் பிள்ளைகளைக் கொன்று, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அதற்குப் பத்துப் பதினோரு ஆண்டுகள் முன்பே யோயாக்கீன் என்ற இளம் ராஜாவைப் பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோயிருந்தார்கள். பாபிலோன் அகழாய்வில் களிமண் பலகைகள் கிடைத்தன. யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு அவற்றில் இருக்கிறது.

அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. மேசியா என்றால் எண்ணெய் வார்த்து அபிஷேகம் பெற்றவர். தலையில் எண்ணெய் வழிய அரியணை ஏறிய குலத்துக்கு, எதிரியின் கிடங்கில் எண்ணெய் அளந்து ஊற்றுகிறார்கள்.

ஆகவே அன்பானவர்களே, இத்தனை தீர்க்கதரிசனம், இத்தனை நிறைவேற்றம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. எல்லாம் பறிபோன ஜனம் நெஞ்சில் பிடித்துக்கொண்ட வார்த்தைகள் இவை. யூத மக்கள் இவற்றை வேறுவிதமாக வாசிக்கிறார்கள், இன்றும் காத்திருக்கிறார்கள். அதை ஒருநாளும் இளக்காரமாகப் பேசாதீர்கள். இந்தச் சுருள்களை எழுதி எழுதிக் காத்து நம் கைக்குத் தந்தவர்கள் அவர்கள்தாம்.

மத்தேயு தம் சுவிசேஷத்தை வம்ச அட்டவணையோடு தொடங்குகிறார். நாம் சலித்துக்கொண்டு புரட்டிவிடும் பக்கம் அது. அதில் எகொனியா என்று வருபவர் அந்த எண்ணெய்க் கணக்கின் யோயாக்கீனே. வெட்டுப்பட்ட இடத்தை மத்தேயு மறைக்கவில்லை. பாபிலோன் சிறையிருப்பு என்று வாய்விட்டுச் சொல்லி, அதைத் தாண்டி, மரியாளின் கணவனாகிய யோசேப்பு என்ற தச்சன்வரை, இயேசுவரை வருகிறார்.

ஏசாயாவின் அதே வசனத்தில், துளிருக்கு அடுத்து, வேரிலிருந்து எழும்பும் இளங்கிளை ஒன்று வருகிறது. எபிரெயத்தில் அதற்கு 'நேட்செர்' என்று பெயர். இயேசு வளர்ந்த நாசரேத் என்ற ஊரின் பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்த ஊரைப் பற்றித்தான் நாத்தான்வேல் கேட்டான்: நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா? வந்து பார் என்றான் பிலிப்பு. போனான், இயேசுவைப் பார்த்தான். சற்று நேரத்தில் அவனே சொன்னான்: ரபீ, நீர் இஸ்ரவேலின் ராஜா.