குரல் காத்திருக்காது

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த அரங்கில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு பிரவுசிங் சென்டர் ஞாபகம் இருக்கும். பலகைத் தடுப்பு வைத்த சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன். எங்கள் தெருவில் இருந்த சென்டருக்கு ஓர் அம்மா, வளைகுடாவில் வேலை பார்த்த மகனோடு பேச வருவார். “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வராது. “கேக்குதா?” என்பார். அந்த நொடியில்தான் முதல் கேள்விக்கான பதில் வந்து அதன்மேல் விழும். அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். ஐ.எஸ்.டி. பூத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவதற்கு இது தேவலை என்றுதான் வந்தார்.

அந்த இடறல் எங்கிருந்து வந்தது? அதைச் சொன்னால் இணைய அழைப்பின் வரலாற்றில் பாதியைச் சொன்னதாகிவிடும்.

இணையத்தில் முதலில் மின்னஞ்சல் என்ற கடிதம் போனது, குரல் ரொம்பப் பின்னால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவ்வளவு பின்னால் இல்லை. 1974ஆம் ஆண்டிலேயே, இணையத்தின் தாயான ஆர்ப்பாநெட்டில் குரலை அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். ஒரு முனை கலிஃபோர்னியா, மறுமுனை மாசசூசெட்ஸில் உள்ள லிங்கன் ஆய்வகம். முயற்சிக்கு முன்னால் நின்றவர் டேனி கோஹன் என்ற கணினி அறிஞர். அன்றைய நிலைமையைப் பாருங்கள்: டிஜிட்டல் தொலைபேசிக் குரலுக்கு நொடிக்கு 64,000 பிட் (0 அல்லது 1 என்ற தகவல் துளி) வேண்டும், ஆர்ப்பாநெட் கம்பியின் மொத்தக் கொள்ளளவே 50,000. ஒரே ஓர் ஆள் பேசக்கூட இடமில்லை!

வழி கிடைத்தது எங்கே? கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அடல் வளர்த்தெடுத்த முறையில். ஜப்பானில் இடாகுரா என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே திசையில் போய்க்கொண்டிருந்தார். ஒலியை அப்படியே அனுப்பாதே. அந்த நொடியில் தொண்டையும் வாயும் எந்த வடிவில் இருந்தன என்ற கணக்கை மட்டும் அனுப்பு, மறுமுனை அதைக்கொண்டு குரலைத் திரும்பச் செய்துகொள்ளட்டும். இதுதான் யோசனை. நொடிக்குச் சுமார் 3,500 பிட்டில் பேச்சு அடங்கிவிட்டது.

சரி, இடம் கிடைத்தது. நேரம்? இணையத்தில் எல்லாமே துண்டு துண்டாக, பாக்கெட்டுகளாகத்தான் போகும். கடிதத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம். அரை நொடி தாமதமானால் யாருக்கு நஷ்டம்? பேச்சில் அது ஆகாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். தாமதமாக வந்த சொல்லும் அப்படித்தான். தொலைந்ததை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடு என்று கோஹன் வாதாடினார். அன்றைக்குப் பாக்கெட்டுகளை அனுப்பும் விதிமுறையான டி.சி.பி. ஒரே கட்டாக இருந்தது; தொலைந்ததை எல்லாம் தேடிக் கொண்டுவராமல் விடாது. 1978இல் அதை, தொலைந்ததைத் தேடும் டி.சி.பி., பாக்கெட்டை முகவரிக்கு அனுப்ப மட்டும் செய்யும் ஐ.பி. என்று இரண்டாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினைக்குக் குரல் ஒரு முக்கியக் காரணம். அவசரக்காரர்களுக்கென்று யு.டி.பி. என்ற தனி வழி 1980இல் எழுத்தில் வந்தது. இன்றும் உங்கள் அழைப்பு பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. பொதுவாக ஒரு பாக்கெட்டில் 20 மில்லி நொடிப் பேச்சு. ஒன்றிரண்டு தொலைந்தால் முன்பின் ஒலியை வைத்து ஒட்டுப்போட்டுவிடுகிறார்கள், காதுக்குத் தெரியாது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருக்கும்வரை பேச்சு இயல்பாக இருக்கும். அந்த அம்மாவின் அழைப்பு இந்த எல்லையை எங்கேயோ தாண்டிப் போயிருந்தது.

வீடுகளுக்கு இது வந்தது 1995இல். இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் ‘இன்டர்நெட் ஃபோன்’ என்ற மென்பொருளை விற்றது. அன்றைய சவுண்ட் கார்டுகள் பலவற்றில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. வாக்கி டாக்கி மாதிரி முறை வைத்துப் பேச வேண்டும். அதற்கே தொலைபேசி வியாபாரிகள் மிரண்டார்கள். 1996 மார்ச்சில் அமெரிக்காவின் சிறு தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று, இந்த மென்பொருள் விற்பனையையே நிறுத்தச் சொல்லி அரசு ஆணையத்திடம் மனுப் போட்டது. ஆணையம் அப்படி எதையும் நிறுத்தவில்லை.

நம் நாட்டில் கதை வேறு. இணையத் தொலைபேசி சட்டப்படி அனுமதி பெற்றதே 2002 ஏப்ரல் 1ஆம் தேதிதான். அதுவும் பாதி அனுமதி: கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்ளூர்த் தொலைபேசிக்குப் பேசக்கூடாது. துபாய்க்குப் போகலாம், திண்டுக்கல்லுக்குப் போகக்கூடாது!

அடுத்த ஆண்டே ஸ்கைப் வந்தது. எஸ்டோனியாவில் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய மென்பொருள்கள் பலவும் அலுவலகக் கணினிகளைக் காக்கும் ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவர்களிலும் வீட்டு ரவுட்டர்களிலும் முட்டிக்கொண்டு நின்றன; இது மற்ற பயனர்களின் கணினிகள் வழியாகவே சந்து பொந்தில் புகுந்து போய்ச் சேர்ந்தது. 2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள். 2016இல் வந்த ஜியோவிலோ, சாதாரணமாக எண்ணைத் தட்டிப் பேசும் பேச்சே பாக்கெட்டுகளாகத்தான் போகிறது. நெட் கால் என்று தனியாக ஒன்றைச் சொல்வதில் இப்போது பெரிய அர்த்தமில்லை.

வளைகுடாவில் மட்டும் இன்னொரு கூத்து. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பைப் பல ஆண்டுகளாக அடைத்து வைத்திருந்தார்கள், குறுஞ்செய்திக்குத் தடையில்லை. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்கள். அது அழைப்பு இல்லையே, கடிதத்தின் வழியில் போவது. எப்போது வந்தாலும் ஒரு சொல் குறையாமல் வரும். “சாப்பிட்டியாப்பா?” என்று அம்மா இரவில் கேட்பார். காலையில் பதில் வரும்.